ஏரியில் கிடந்த என் கடை மாத்திரைகள்

காலை எட்டரை மணி இருக்கும். ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் வந்து, துண்டில் சுற்றிய எதையோ மேஜைமேல் வைத்தார். துண்டை விலக்கினார். செத்த வாத்து. அதன் கழுத்து மேஜை விளிம்பில் தொங்கி ஆடியது.

"இதுக்கு மாத்திரை குடும்மா," என்றார்.

எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. "செத்துப்போன வாத்துக்கு இன்னா மாத்திரைங்க?" என்றேன்.

"இதுக்கு இல்லம்மா. இன்னும் உசுரோட கீற வாத்துங்களுக்கு. நேத்து இருந்து ஒண்ணொண்ணா உக்காந்துகினே செத்துப்போவுது. சீக்கு இன்னான்னே தெரியல."

அவர் பெயர் முனிரத்தினம். ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்து ஆள். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் பூச்சியையும் தின்னவிட்டு, ஊர் ஊராக வாத்து ஓட்டிக்கொண்டு போகிறவர். தை அறுவடை முடிந்த கையோடு மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு எங்கள் திருத்தணிப் பக்கம் வந்திருந்தார். பொதட்டூர்பேட்டை சாலையை ஒட்டிய ஒரு ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள்.

"நான் மனுசங்களுக்கு மருந்து விக்கிறவ. மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போங்க. அங்க புதுசா ஒரு டாக்டர் வந்துகிறாரு, நல்லா பாப்பாரு," என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு மேஜையை டெட்டால் போட்டு இரண்டு தடவை துடைத்தேன். மனதுக்குள் அவரைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன். அதை மறைப்பதற்கில்லை.

வட்டத்துக்குள் ஒரு 'கா'

மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வந்தார். இந்தமுறை கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"டாக்டரு வாத்த அறுத்துப் பாத்தாரும்மா. வெசம் மாதிரி கீது, இன்னா தின்னுச்சின்னு பாத்துகினு வான்னாரு. போயி பாத்தா, ஏரிக்குள்ள இதுதான் குமிஞ்சி கெடக்குது. வாத்துங்க நெல்லுன்னு நெனச்சி கொத்திகினு கீதுங்க. இது இன்னா மாத்திரைன்னு நீ பாத்து சொல்லு."

கவரைக் கவிழ்த்தார். சேறு அப்பிய மாத்திரை அட்டைகள். பாதிக்குமேல் ஊறிப் பிய்ந்திருந்தன. ஒன்றை எடுத்து விரலால் சேற்றைத் துடைத்தேன். வெள்ளித் தாளின்மேல் சிவப்பு மார்க்கரில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 'கா'.

அது என் கையெழுத்து.

இந்த வட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. கடை ஆரம்பித்த புதிதில், தேதி முடிந்த மருந்துகளைப் பெட்டியில் கட்டி, எங்களுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரியிடம் திருப்பி அனுப்பினேன். சில வாரம் கழித்து வந்த புதுச் சரக்கில், நான் திருப்பி அனுப்பிய அட்டைகளில் இரண்டு இருந்தன. மேலே புது லேபிள், அடியில் அதே பழைய பேட்ச் எண். கேட்டதற்கு, "தவறுதலா கலந்துடுச்சி மேடம்," என்றார்கள். அன்றிலிருந்து தேதி முடிந்த எந்த அட்டையும் காலாவதிக்கான 'கா' இல்லாமல் என் கடையை விட்டு வெளியே போனதில்லை. ஒவ்வொரு அட்டையிலும் நானே உட்கார்ந்து போடுவேன். என் வீட்டுக்காரர் காதர் கேலி செய்வார். அவர் கடைக்குப் பக்கத்திலேயே டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். "பரீட்சை பேப்பர் திருத்துறியா நூரு?" என்பார்.

மறுபடியும் யாரும் விற்றுவிடக்கூடாது என்றுதான் போட்டேன். ஏரியில் கொட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மொத்த வியாபாரி பெட்டியை வாங்கிக்கொள்கிறார், முறைப்படி எரித்துவிடுவதாகச் சொல்கிறார், ரசீது தருகிறார். அதோடு என் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

முனிரத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா, கெட்ட மருந்தா?"

"என் கடை மருந்துங்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன்.

மஞ்சள் தண்ணீர்

காதர் பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போனேன். முனிரத்தினம் சைக்கிளில் முன்னே போனார்.

கரை ஏறும் முன்பே வாடை வந்துவிட்டது. சாக்கடை நாற்றமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது பி-காம்ப்ளெக்ஸ் வாடை. சத்து மாத்திரை டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. அதோடு இருமல் சிரப்பின் தித்திப்பு. முப்பது வருடமாக என் புடவையில் ஒட்டியிருக்கும் வாசனை அது. ஏரிக்கரையில் அது வந்தபோது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மண் எடுத்த பள்ளம் ஒன்று ஏரிக்கு உள்பக்கம் இருந்தது. அதில் லாரியைப் பின்னால் தள்ளிவந்து கொட்டியிருக்கிறார்கள். டயர் தடம் காய்ந்து கெட்டியாக இருந்தது. அட்டைப் பெட்டிகள் ஊறிக் கூழாகியிருந்தன. சிரப் பாட்டில்கள் உடைந்து கிடந்தன. பள்ளத்துத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. சிவப்பும் கருப்புமான கேப்சூல் கூடுகள் அதன்மேல் மிதந்தன. பள்ளத்தை ஏரித் தண்ணீரிலிருந்து பிரித்த மண்திட்டு ஓரிடத்தில் உடைந்து, மஞ்சள் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஓரமெல்லாம் மீன் குஞ்சுகள் வயிற்றைக் காட்டி ஒதுங்கியிருந்தன. நத்தைகள் வாய் திறந்து கிடந்தன. நத்தை தின்ன வரும் நாரைகள் இரண்டு, தூரத்துக் கருவேலமரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன. ஒரு நீர்க்காகம் கரையில் செத்துக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

குனிந்து பாட்டில்களைப் புரட்டினேன். வேறு யாராவது பார்த்திருந்தால் அது குப்பை. எனக்கு ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பொருள். இதோ சிரங்குக்குப் பூசும் லோஷன். கைக்குழந்தைக்குக்கூடத் தடவலாம், ஆனால் மீனுக்கும் நத்தைக்கும் கொடிய விஷம். இதோ குடல்பூச்சி மாத்திரை. குடலில் இருக்கும் பூச்சியைக் கொல்வது, ஏரியில் இருக்கும் பூச்சியை விட்டுவைக்குமா? அந்தப் பூச்சியைத் தின்றுதான் மீன் வளரும். இதோ மூட்டுவலி மாத்திரை. இதோ ஆன்டிபயாடிக், பெட்டி பெட்டியாக. சேற்றில் இருக்கும் கிருமிகளுக்கெல்லாம் அந்த மருந்தைப் பழக்கிக் கொடுத்தால், நாளைக்கு நம் பிள்ளைக்கு ஜுரம் வரும்போது அதே மருந்து எப்படி வேலை செய்யும்?

இத்தனை பெட்டியில் என் கடை அட்டை நூறுகூட இருக்காது. மற்றதெல்லாம் எத்தனையோ ஊர், எத்தனையோ கடை. ஆனால் குறி போட்டிருந்தது என் கடை அட்டையில் மட்டும்தான்.

வாத்தின் இதயத்தில் சுண்ணாம்பு

அங்கிருந்து அட்டைகளோடு மூவரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசு. திருநெல்வேலிப் பக்கம். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர், மூட்டுவலி மாத்திரை வந்ததும் நிறுத்தினார்.

"இதுதாம்மா. நேத்து அறுத்துப் பார்த்தேன். இதயத்து மேலயும் ஈரல் மேலயும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. பறவைக்கு இந்த மருந்து சேராது. சிறுநீரகம் நின்னு போயிரும். உப்பு வெளியேற வழியில்லாம உள்ளேயே படியும். ஒரு வாத்துக்கு ஒரு மாத்திரை போதும்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிணந்தின்னிக் கழுகு உங்க ஊர்ல பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். நான் படிக்க அரக்கோணத்துக்கு ரயிலில் போய்வந்த காலம். ஊர் எல்லையில், தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செத்த மாடுகளைப் போடும் ஒரு மேடு இருந்தது. ரயில் அங்கே மெதுவாகப் போகும். பெண்களெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். பனைமரத்தில் அந்தக் கழுகுகள் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மொட்டைக் கழுத்து. அருவருப்பாகத் திரும்பிக்கொள்வேன். காலையில் போட்ட மாடு சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது வெறும் எலும்பாகக் கிடக்கும். வாடையும் பாதியாகிவிடும்.

எந்த வருடம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு கட்டத்தில் அவை இல்லை. மாடுகள் அங்கேயே ஊதி அழுகின. நாய்கள் கூட்டமாக வந்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னார். மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்க இதே மூட்டுவலி மருந்தை ஊசியாகப் போடுவார்கள். மாடு செத்தால் கழுகு தின்னும். வாத்துக்கு நடந்ததுதான் அதற்கும் நடந்தது. நாடு முழுக்க அப்படித்தான் அவை அழிந்தன. அப்புறம் மாட்டுக்கு அந்த ஊசி கூடாது என்று தடை வந்தது.

தடை வந்தது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகும் பால்காரர்கள் கடைக்கு வந்து, "மனுசனுக்குப் போடற பெரிய பாட்டில் குடும்மா, மாடு எழுந்திருக்கவே மாட்டேங்குது," என்பார்கள். மனிதனுக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவதைவிடப் பத்து மடங்கு பெரிய குப்பி. யாருக்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தும் கொடுத்தேன். அந்தப் பெரிய குப்பிக்கும் தடை வரும்வரை கொடுத்தேன். மாடு எழுந்துவிட்டதா என்று மறுநாள் அக்கறையாக விசாரித்தும் இருக்கிறேன். கழுகைப் பற்றி யார் நினைத்தார்கள்?

டாக்டர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. முனிரத்தினத்திடம், "செத்த வாத்தை வெளியே போட்டுறாதீங்க. நாயோ காக்கையோ தின்னா அதுக்கும் ஆபத்து. குழி தோண்டிப் புதைச்சிருங்க," என்று மட்டும் சொன்னார்.

முனிரத்தினம் தோண்டிய குழி

நான்கு நாளில் அவருடைய மந்தையில் பாதிக்குமேல் போய்விட்டது. நான்காம் நாள் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனேன். வாத்துக்கறி விற்கும் ஒருவன் வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தான். சாகக் கிடக்கிற வாத்துகளையாவது தள்ளிவிடு என்றான்.

"மாத்திரை தின்ன வாத்துடா அது. எவனாவது புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுவான். போடா," என்று முனிரத்தினம் துரத்திவிட்டார்.

அவருடைய மச்சான், அக்கா வீட்டுக்காரரைத் தெலுங்குமுறையில் கூப்பிட்டு, "பாவா, இடுப்பு ஒடிஞ்சி போச்சி, போதும் பாவா," என்று கெஞ்சக் கெஞ்ச, ஆளுயரத்துக்குக் குழி வெட்டினார். வாத்துகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து இறக்கிவைத்தார். எறியவில்லை. மேலே சுண்ணாம்பு போட்டு, மண் போட்டு, நாய் தோண்டாமல் இருக்க முள்ளை வெட்டிப் போட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கழிவு மேலாண்மை என்று யாரும் அவருக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை.

சான்றிதழ் வைத்திருந்தவரை மறுநாள் பார்க்கப் போனேன்.

"எரிச்சாச்சு மேடம்"

மொத்த வியாபாரியின் அலுவலகம் பக்கத்து ஊரில். ஏசி அறை. மேனேஜர் ஒரு ஃபைலை எடுத்து விரித்தார். "பாருங்க மேடம், எரிச்சாச்சு. சர்டிபிகேட் இருக்கு. சீல், கையெழுத்து எல்லாம் இருக்கு."

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அந்தச் சான்றிதழின்மேலேயே வைத்தேன். காய்ந்த சேறு உதிர்ந்தது.

"இது எரிஞ்ச மாதிரியா கீது?"

அட்டையைப் பார்த்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பதற்றம் வரவில்லை. மெதுவாகச் சிரித்தார்.

"இது உங்க கடை மார்க் தானே மேடம்? அப்ப நீங்களே போய் கொட்டியிருக்கலாமே. நாங்க கொட்டினோம்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

ஒழுங்காக இருக்கவேண்டும் என்று குறி போட்டவள் மாட்டிக்கொண்டாள். குறி போடாத அத்தனை பேரும் தப்பித்தார்கள். அந்த மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அவர்மேல் ஊற்றாமல் வந்தது எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மருந்துக் கடைக்காரர்கள் சங்கத்திலும் பேசிப் பார்த்தேன். "வுடும்மா. நீ வாயத் தொறந்தா நம்ம அத்தன பேரு கடைக்கும் இன்ஸ்பெக்டரு வருவான். நாலு வாத்துக்காக நம்ம பொழப்ப நாமே கெடுத்துக்கணுமா?" என்றார் செயலாளர். அவர் நல்ல மனிதர்தான். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறும் காவடிக்காரர்களுக்கு இலவசமாக வலித் தைலம் கொடுப்பவர். அந்த ஏரித் தண்ணீர் கால்வாய் வழியாக அவருடைய ஊர் வயலுக்கும்தான் போகிறது. சொன்னேன். "அது வேற," என்றார். எது வேறு, எப்படி வேறு என்று சொல்லவில்லை.

அன்று காதரிடம் சொன்னேன், நாளைக்கு மனு கொடுக்கப்போகிறேன் என்று.

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "குறி போட்ட அட்டைய கொண்டுபோயி நீயே குடுத்தா, மொதல்ல ஒன் கடைதான் மூடுவாங்க. தெரிஞ்சிதான் போறியா?"

"ஆங். தெரிஞ்சிதான் போறேன்."

துணியை ஓரமாகப் போட்டுவிட்டு, "காலைல ஒம்பதுக்கு கெளம்பு. நானும் வரேன்," என்றார்.

மனு போன வழி

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். முனிரத்தினம் கட்டைவிரல் ரேகை வைத்தார். நான் என் கடைப் பெயரை எழுதி, இந்த அட்டைகள் என் கடையில் இருந்து போனவை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மனு நடந்தது. நாங்கள் நடந்ததைவிட அதிகமாக நடந்தது. மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகம், இது மருந்து, மருந்துத் துறையைப் பாருங்கள் என்றது. மருந்துத் துறை, கிடப்பது ஏரியில், ஏரி எங்களுடையது இல்லை என்றது. ஏரிக்குப் பொறுப்பான அலுவலகம், கொட்டியது குப்பை, குப்பைக்கு உள்ளாட்சி இருக்கிறது என்றது. உள்ளாட்சியில் ஒருவர் என்னிடமே கேட்டார்: "மாத்திரைதானே மேடம்? உடம்புக்கு நல்லதுதானே?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்? விழுங்கிய மருந்து உடம்புக்குள் காணாமல் போய்விடுகிறது என்று. அதில் ஒரு பங்கு அப்படியே வெளியேறிச் சாக்கடைக்குப் போகிறது. மீந்த சிரப்பை வாஷ்பேசினில் ஊற்றுகிறோம். எல்லாம் போய்ச் சேரும் இடம் ஏதோ ஒரு ஏரி. அங்கே வாழும் ஜீவன்களுக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுதவில்லை. லாரி கொட்டினால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

முதலில் நடவடிக்கை வந்தது எனக்குத்தான். காதர் சொன்னபடியே. காலாவதி மருந்துகளை முறையாக அப்புறப்படுத்துவதை உறுதி செய்யத் தவறியதாகப் பதினைந்து நாள் கடை மூடல். ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வழியாகப் போன தெரிந்தவர்களெல்லாம் நின்று படித்தார்கள். காதர் ஷெட்டிலிருந்து பார்த்துக்கொண்டே ஸ்பேனரைக் கீழே போடுவார், எடுப்பார்.

மொத்த வியாபாரிக்கும் நோட்டீஸ் போனது. அவர்கள் ஒப்பந்தக்காரரைக் காட்டினார்கள். ஒப்பந்தக்காரரின் விலாசத்தில் ஒரு பூட்டிய வீடு இருந்தது. அதோடு நின்றது. இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது.

சித்திரை வெயிலில் ஒரு ஜேசிபி வந்து, பள்ளத்தில் கிடந்ததை அள்ளாமல் அதன்மேலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனது. கழிவு அகற்றப்பட்டது என்று பதிவானது.

முனிரத்தினம் அதற்கு முன்பே போய்விட்டார். மிச்சமிருந்த வாத்துகளை ஒரு சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போனார். போகுமுன் கடைக்கு வந்து, மூடிய ஷட்டர் முன்னால் நின்றிருந்த என்னிடம், "என்னாலதாம்மா ஒனக்கு இந்த கஷ்டம்," என்றார். செத்தது அவருடைய வாத்து, மன்னிப்புக் கேட்பதும் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் மருந்துதான் நைனா ஒன் வாத்த கொன்னுச்சி," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கரையில் ஒரு சாயங்காலம்

ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிறைந்தது. மூடிய பள்ளமும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அந்த வாரம் ஒருநாள், மழை விட்ட சாயங்காலம், கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர் எங்கள் மனுவின் ஃபைலோடு கடைக்கு வந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் குடும்பம். மரியாதையாகப் பேசினார்.

"குறை தீர்ந்துதுன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா. வருசம் முடியறதுக்குள்ள ஃபைலை மூடணும்."

"ஏரியப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. ஃபுல்லா கீது. தண்ணி பளிச்சினு கீது."

"என்கூட ஒரு தடவ வாங்க," என்றேன். முகத்தைச் சுளித்தாலும் வந்தார். அவர் வண்டியில் அவர், காதர் பைக்கில் நான்.

கரைமேல் நின்றோம். அவர் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. தூரத்தில் திருத்தணி மலை மழையில் கழுவி எடுத்ததுபோல் தெரிந்தது. யார் போட்டோ எடுத்தாலும் அழகாக இருக்கும்.

"இன்னா கேக்குது?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலியே," என்றார்.

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். கழனிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐப்பசி மழை விட்ட சாயங்காலத்தில் ஒரு ஏரிக்கரை எப்படி இருக்கும் என்று நான் அவருக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அளவுக்குத் தவளைகள் இரைச்சல் போடவேண்டிய நேரம் அது. அவர் முகம் மெல்ல மாறியது. தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு தவளகூட கத்தலியேம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆனாலும் ஃபைலைத் திறந்தார். அவர் என்ன செய்வார், அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். 'மனுதாரரின் குறை' என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே 'தீரவில்லை' என்று எழுதி, கீழே முழுப் பெயரும் போட்டுக் கொடுத்தேன்.

"இப்படி எழுதினா ஃபைலு திரும்ப வரும்மா," என்றார்.

"வரட்டுங்க," என்றேன்.